அஸ்வெசும: தவறவிட்டாலும் யாரும் கேட்காத இலக்கு

வன்னியில் ஒரு பிரதேச செயலகத்தின் வெளி விறாந்தையில் அந்த அம்மாவைச் சந்தித்தேன். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் அடையாள அட்டைப் பிரதி, நலன்புரி முகாமில் கொடுத்த பதிவுத் துண்டு, மகனைக் காணவில்லை என்று கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், வங்கிப் புத்தகம். அஸ்வெசும பட்டியலில் தன்னுடைய பெயர் இல்லை என்று மேன்முறையீடு செய்திருந்தார். அது என்னவாயிற்று என்று கேட்க வந்திருந்தார். வந்தது மூன்றாவது தடவை.

பெயர் ஏன் வரவில்லை என்று தெரியுமா என்று கேட்டேன்.

"கல்வீடு இருக்காம், ஓடு போட்டிருக்காம். வீடு தந்ததும் அரசாங்கம்தான் பிள்ளை, வீடு இருக்கெண்டு காசை வெட்டினதும் அரசாங்கம்தான்."

அந்த வீட்டை முடிக்க வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை என்பதையும் சொன்னார். அதை எழுத படிவத்தில் இடம் இருக்கவில்லை.

இப்படியான கதைகளை நாம் வழமையாக நிர்வாகத் தவறு என்ற தலைப்பில் எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். உத்தியோகத்தர் சரியாகக் கணக்கெடுக்கவில்லை, கணினி பிழை விட்டது, மேன்முறையீடு தாமதமாகிறது என்று. அவையெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அம்மாவின் பெயர் பட்டியலில் இல்லாமற்போனதற்கு, ஓட்டு வீட்டை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது, அந்தப் பணம் செலவழிக்கப்படாவிட்டால் யார் கேள்வி கேட்பது என்பது அவர் படிவம் நிரப்புவதற்கு முன்னரே முடிவாகிவிட்டது.

எல்லாம் நிறைவேறியது, ஒன்றைத் தவிர

2023 மார்ச் 20ஆம் திகதி, இலங்கைக்கு ஏறத்தாழ 3 பில்லியன் அமெரிக்க டொலர் கடன் வழங்கும் நான்காண்டுத் திட்டத்துக்கு சர்வதேச நாணய நிதியத்தின் நிறைவேற்றுச் சபை அங்கீகாரம் வழங்கியது. பணம் தவணை தவணையாகத்தான் வரும். ஒவ்வொரு தவணைக்கு முன்னரும் ஒரு மீளாய்வு நடக்கும். வரி வருமானம் எவ்வளவு, முதன்மை மிகை எவ்வளவு, வெளிநாட்டு ஒதுக்கு எவ்வளவு என்று அரசாங்கம் எட்டவேண்டிய இலக்குகள் அட்டவணையாக இருக்கின்றன. அந்த அட்டவணையில் ஏழைகளுக்காகவும் ஒரு வரி இருக்கிறது. அஸ்வெசும, முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் கொடுப்பனவுகளுக்கு ஆகக்குறைந்தது இவ்வளவு செலவிட வேண்டும் என்ற எல்லை அது. திட்டம் தொடங்கியபோது அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.6 வீதம் அளவில் வைக்கப்பட்டது.

2024 ஜூனில் இரண்டாவது மீளாய்வு முடிந்தது. 2023 டிசம்பர் முடிவுக்கான அளவுசார் இலக்குகள் அனைத்தும் எட்டப்பட்டதாக நிதியம் அறிவித்தது, சமூகச் செலவின இலக்கைத் தவிர. 2025 பெப்ரவரி இறுதியில் மூன்றாவது மீளாய்வு முடிந்தது. 2024 டிசம்பர் முடிவுக்கான இலக்குகளும் அனைத்தும் எட்டப்பட்டன. மீண்டும் சமூகச் செலவின இலக்கைத் தவிர.

இரண்டு மீளாய்வுகளுக்கும் நடுவே ஆட்சி மாறியிருந்தது. ஜனாதிபதி மாறினார், நாடாளுமன்றம் மாறியது, நிதியமைச்சு கைமாறியது. தவறவிடப்பட்ட இலக்கு மட்டும் மாறவில்லை.

அதற்குக் காரணம் அட்டவணையின் அமைப்பிலேயே இருக்கிறது. நாணய நிதியத்தின் இலக்குகள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. முதன்மை மிகை போன்றவை கட்டாய நிபந்தனைகள். அவற்றைத் தவறவிட்டால் நிறைவேற்றுச் சபையிடம் விலக்குக் கேட்கவேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த தவணை நிற்கும். சமூகச் செலவின எல்லை 'சுட்டிக்காட்டும் இலக்கு' என்ற வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தவறவிட்டால் அறிக்கையில் ஒரு வசனம் எழுதப்படும். தவணைப் பணம் வரும்.

கடன் கொடுத்தவர்களுக்கான இலக்கைத் தவறவிட அரசாங்கம் பயப்படுகிறது. ஏழைகளுக்கான இலக்கைத் தவறவிடுவதால் அதற்கு எந்த நட்டமும் இல்லை. விறாந்தையில் நடக்கும் தாமதத்தை இந்த இடத்திலிருந்துதான் பார்க்கவேண்டும். விண்ணப்பம் பரிசீலிக்கப்படாமல் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் திறைசேரிக்கு மிச்சம்.

கணக்கைப் பார்ப்போம்

சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும 2023 ஜூலையில் தொடங்கியது. 'அஸ்வெசும' என்ற சிங்களச் சொல்லுக்கு ஆறுதல் என்று பொருள். 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் இது நடத்தப்படுகிறது. 20 இலட்சம் குடும்பங்கள் நான்கு பிரிவாகப் பிரிக்கப்பட்டன. நிலைமாறும் நிலையில் உள்ள 4 இலட்சம் குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபா. பாதிக்கப்படக்கூடிய 4 இலட்சம் குடும்பங்களுக்கு 5,000 ரூபா. வறிய 8 இலட்சம் குடும்பங்களுக்கு 8,500 ரூபா. மிக வறிய 4 இலட்சம் குடும்பங்களுக்கு 15,000 ரூபா. 2025இல் வறியவர்களுக்கான தொகை 10,000 ஆகவும், மிக வறியவர்களுக்கானது 17,500 ஆகவும் கூட்டப்பட்டது. முதியோர் கொடுப்பனவு 3,000இலிருந்து 5,000 ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளர்களுக்கும் 7,500 என்பது 10,000 ஆனது. இந்த அதிகரிப்புகளைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. மருந்து வாங்கும் வீட்டுக்கு 2,500 ரூபா பெரிய வித்தியாசம்.

இப்போது பெருக்கிப் பார்ப்போம். நான்கு பிரிவிலும் 20 இலட்சம் குடும்பங்களுக்கும் ஒருவர் விடாமல், கூட்டப்பட்ட தொகைப்படி ஒரு வருடம் முழுவதும் கொடுத்தால் ஆகும் செலவு 216 பில்லியன் ரூபா. இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 30 டிரில்லியன் ரூபா. அதாவது நூறு ரூபாவில் 72 சதம்.

கிடைப்பவர்களுக்கும் அது போதுமா என்பது அடுத்த கேள்வி. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் வெளியிடும் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு 2024இல் ஒருவருக்கு மாதம் 16,000 ரூபாவுக்கும் மேல் இருந்தது. ஒரு ஆள் அடிப்படைத் தேவைகளுடன் உயிர்வாழ ஆகும் தொகை என்று அரசாங்கமே சொல்லும் கணக்கு அது. 'மிக வறிய' குடும்பத்துக்குக் கிடைக்கும் ஆகக்கூடிய தொகை 17,500. அந்தக் குடும்பத்தில் நான்கு பேர் இருந்தால், அரசின் கணக்குப்படி ஒருவருடைய மாதம்தான் அதில் போகும். மற்ற மூவரும் கூலி கிடைத்தால் சாப்பிடவேண்டும்.

20 இலட்சம் என்ற எண்ணுக்கு எதிராக வந்த விண்ணப்பங்கள் 37 இலட்சத்துக்கும் மேல். முதற் பட்டியல் வெளிவந்தபோது ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. 2021இல் 13 வீதமாக இருந்த வறுமை 2022இல் 25 வீதமாக இரட்டித்ததாக உலக வங்கி மதிப்பிட்டிருந்த காலம் அது. முதலில் பணத்துக்கு எல்லை போட்டு, பிறகு அந்த எல்லைக்குள் அடங்குமளவுக்கு ஏழைகளைத் தேடினால் இதுதான் நடக்கும்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

அரசாங்கம் தருகிறது என்று நாம் சொல்கிறோம். உலக வங்கி தருகிறது என்றும் சிலர் சொல்கிறார்கள். 2023 ஜூனில் சமூகப் பாதுகாப்புக்கென உலக வங்கி 200 மில்லியன் டொலர் அங்கீகரித்தது உண்மை. அது கடன். திருப்பிக் கட்டப்படவேண்டும். கட்டப்போவது வரி செலுத்துபவர்கள். ஆகவே வரி யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும்.

2019 டிசம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ அரசாங்கம் வரிகளை வெட்டியது. பெறுமதி சேர் வரி, அதாவது வற், 15 வீதத்திலிருந்து 8 ஆனது. வருமான வரியும் குறைந்தது. 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11.6 வீதமாக இருந்த வரி வருமானம் 2020இல் 8.1 வீதமாகச் சரிந்தது. பெருந்தொற்றும் அதற்கு ஒரு காரணம், ஆனால் வெட்டு அதற்கு முன்னரே வந்துவிட்டது. அந்த வெட்டால் கூடுதலாக நன்மையடைந்தவர்கள் பெரிய கம்பனிகளும் உயர் வருமானம் பெறுபவர்களும். 2022இல் நாடு வங்குரோத்தானபோது பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் வேறு ஆட்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது.

பிறகு வரியைத் திருப்பி உயர்த்த வேண்டி வந்தது. வற் 2022இலேயே 12 ஆகி, பின் 15 ஆகி, 2024 ஜனவரி முதலாம் திகதி 18 வீதமானது. அதே நாளில் அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த பல பொருட்களும் வரிக்குள் கொண்டுவரப்பட்டன. பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு, உரம் எல்லாம் அதில் அடக்கம். வருமான வரியும் கூட்டப்பட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் இந்த நாட்டின் வரி வருமானத்தின் பெரும்பகுதி நெடுங்காலமாக மறைமுக வரிகளிலிருந்தே வருகிறது. மறைமுக வரிக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. கிளிநொச்சியில் உழவு மெசினுக்கு டீசல் அடிக்கும் விவசாயியும், கொழும்பில் சொகுசு வாகனத்துக்கு டீசல் அடிக்கும் முதலாளியும் ஒரு லீற்றருக்கு ஒரே வரிதான் கட்டுகிறார்கள். வருமானத்தில் எத்தனை பங்கு அதற்குப் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

அஸ்வெசும எடுக்கும் ஒரு குடும்பம், அந்தப் பணத்தில் சவர்க்காரமும் பிள்ளைக்குக் கொப்பியும் வாங்கும்போது தன்னுடைய நிவாரணத்தில் ஒரு பகுதியைத் தானே திருப்பிக் கட்டுகிறது. பட்டியலில் இடம் கிடைக்காத அந்த அம்மாவும் கட்டுகிறார். அவர் தனக்குக் கிடைக்காத ஒரு கொடுப்பனவுக்கு நிதி வழங்குபவர்களில் ஒருவர். இலங்கையில் செல்வ வரி இல்லை, மரபுரிமை வரி இல்லை. சொத்தின் வாடகைப் பெறுமதி மீதான வரி 2025இல் வரும் என்று சொல்லப்பட்டது, அதுவும் தள்ளிப்போனது. வற் அதிகரிப்பு மட்டும் சொன்ன திகதியில் வந்தது.

போர் அந்தப் படிவத்தில் இல்லை

தெரிவுக்குக் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என ஆறு தலைப்புகளில் 22 குறிகாட்டிகள் பயன்படுத்தப்படுகின்றன. கொழும்பிலிருந்து பார்க்கும்போது இது நியாயமான முறையாகத் தெரியும். அரசியல்வாதி கைகாட்டியவருக்குச் சமுர்த்தி கிடைத்த காலத்தோடு ஒப்பிட்டால் முன்னேற்றம் என்றும் சொல்லலாம். ஆனால் போர் ஒரு குடும்பத்தை எப்படி ஏழையாக்குகிறது என்பதை இந்தத் தலைப்புகள் பிடிக்கவில்லை.

முதலில் வீடு. இந்திய அரசின் உதவியுடன் மட்டும் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள் கட்டப்பட்டன. பயனாளிக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, கட்டுவது அவர் பொறுப்பு. பொருட்களின் விலை ஏற ஏற அந்தத் தொகை போதாமற்போனது. நகையை அடகு வைத்தும், நுண்கடன் எடுத்தும் முடித்த வீடுகள் எத்தனையோ. வன்னியில் கல்வீடு என்பது வசதிக்கு அடையாளம் அல்ல. பல இடங்களில் அது கடனுக்கு அடையாளம். ஆறு தலைப்புகளில் கடன் என்று ஒரு தலைப்பு இல்லை. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுடைய நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டிய நிலை வந்தது. பிரச்சினையை அரசு அறியாதது அல்ல.

அடுத்தது ஆள். கணவர் இறந்தால் மரணச் சான்றிதழ் உண்டு. கணவரோ மகனோ காணாமல் ஆக்கப்பட்டிருந்தால்? 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, ஆள் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழ் கொடுக்க வழி வந்தது. பல தாய்மார் அதையும் வாங்கவில்லை. வாங்கினால் தேடலை முடித்துவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதனால் உழைக்கும் ஆள் இல்லாத வீடு, தாளில் வேறு மாதிரித் தெரிகிறது.

மூன்றாவது உடம்பு. கை, கால் இழந்தவரைக் கண்ணால் காணலாம். உடம்புக்குள் எறிகணைத் துண்டோடு இருப்பவர் பாரம் தூக்க முடியாது, வெயிலில் நிற்க முடியாது, கூலி வேலைக்குப் போனால் மறுநாள் படுக்கை. அவருக்கு மாற்றுத்திறனாளி என்ற பதிவு கிடைப்பது கடினம். வேலை செய்யக்கூடிய வயது என்று மட்டும் படிவம் சொல்லும்.

நான்காவது, வெளிநாட்டில் உறவு உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவு. கடந்த முப்பது நாற்பது வருடங்களாக எங்களுடைய உண்மையான சமூகப் பாதுகாப்புத் திட்டம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இரட்டை வேலை செய்தவர்களின் பணம்தான். அது வந்த வீடுகள் நிமிர்ந்தன. அரசு தன் கடமையைச் செய்யாமல் விட்டதை அந்தப் பணம் மறைத்தும் விட்டது. ஆனால் கடைசிவரை வன்னியில் நின்ற மக்களில் பெரும்பாலானோருக்கு வெளிநாட்டில் ஆள் இல்லை. போக வசதி இல்லாததால்தான் அவர்கள் அங்கே நின்றார்கள்.

2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி முல்லைத்தீவு மாவட்டத்தின் வறுமை 44.5 வீதம். கொழும்பில் 2.3 வீதம். நாட்டின் சராசரி 14.3. இது பொருளாதார நெருக்கடிக்கும் பெருந்தொற்றுக்கும் முந்திய கணக்கு, போர் முடிந்து பத்து வருடங்களுக்குப் பிந்திய கணக்கு.

பழைய பாடங்கள்

நலன்புரிச் செலவை வெட்டுவது இலங்கைக்குப் புதிதல்ல. 1953இல் நிதியமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன பங்கீட்டு அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நாட்டை உலுக்கியது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதன் பிறகு எந்த அரசாங்கமும் நிவாரணத்தை நேரடியாக வெட்டுவதற்கு யோசித்தது.

நேரடியாக வெட்டாமல் வெட்டும் வழி 1979இல் கண்டுபிடிக்கப்பட்டது. அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையில் ஒரு தொகை அச்சிடப்பட்டிருந்தது. விலைவாசி ஏறியது, தொகை அப்படியே நின்றது. சில ஆண்டுகளில் அதன் பெறுமதி பெருமளவு கரைந்துபோனது. ஒரு ஹர்த்தாலும் நடக்கவில்லை. அஸ்வெசும தொகைகளும் விலைவாசியோடு தானாகக் கூடுவதில்லை. அரசாங்கம் மனம் வைக்கும்போது கூட்டப்படுகின்றன. மனம் வைப்பது தேர்தலோடு வருகிறது.

1987இல் தொடங்கிய விவசாயிகள் ஓய்வூதியத் திட்டம் இன்னொரு பாடம். விவசாயிகள் தவணை கட்டினார்கள். நிதியம் வற்றியதால் 2010களின் தொடக்கத்தில் கொடுப்பனவு நின்றது. 2014இல்தான் மீண்டும் தொடங்கியது. நிலையான நிதி வழி இல்லாத வாக்குறுதி வயதான காலத்தில்தான் கைவிடும்.

வடக்குக்கு இந்த வரலாற்றில் தனிப் பக்கம் உண்டு. 1995இல் தெற்கில் சமுர்த்தி தொடங்கியபோது இங்கே போர். எங்களுக்குத் தெரிந்தது உலர் உணவு நிவாரணம். அரிசியும் மாவும் பருப்பும் சீனியும். அதுவும் பாதை திறந்தால்தான். சமுர்த்தி வன்னிக்குப் பல வருடம் பிந்தியே வந்தது. உரிமையாகக் கேட்டுப் பெறும் பழக்கத்துக்கு முன்னர் வரிசையில் நின்று வாங்கும் பழக்கமே எங்களுக்கு வந்தது.

பணம் இல்லையா?

கடனில் மூழ்கிய நாட்டில் இதற்கு மேல் எங்கே பணம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. 2023இல் அரசாங்க வருமானத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வட்டிக்கே போனது. வருமானத்தை உயர்த்தாமல் எந்த நலன்புரியும் நிலைக்காது என்பதும் உண்மை. உயர்த்தியும் விட்டார்கள். உயர்ந்த வருமானம் எங்கே போகிறது என்பதுதான் இப்போது கேட்க வேண்டியது.

முதன்மை மிகை என்பது வட்டியைத் தவிர்த்த செலவுகள் போக அரசிடம் மிஞ்சும் வருமானம். அந்த மிச்சம் கடனுக்குப் போகும். 2024க்கு நாணய நிதியம் கேட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 1 வீதம். அரசாங்கம் மிச்சம் பிடித்தது 2 வீதத்துக்கும் மேல். கேட்டதற்கு மேலாகப் பிடித்த அந்த ஒரு வீதம் மட்டுமே, மேலே பெருக்கிப் பார்த்த 20 இலட்சம் குடும்பங்களின் முழு வருடக் கணக்கை விடப் பெரியது. அதே வருடத்தில்தான் சமூகச் செலவின இலக்கு தவறியது. 2025இலிருந்து மிகை இலக்கு 2.3 வீதம்.

பாதுகாப்புச் செலவையும் பார்க்கவேண்டும். போர் முடிந்து பதினாறு வருடங்களுக்கும் மேலாகிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கப்பட்டது 440 பில்லியன் ரூபாவுக்கும் மேல். அஸ்வெசுமவின் முழுக் கணக்கைப் போல இரண்டு மடங்கு. அந்தப் படையின் பெரும்பகுதி எங்கே நிற்கிறது என்பதை இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எந்தக் காணிகளில் நிற்கிறது என்பதையும். விதைக்க முடியாத வயலும் இறங்க முடியாத கடற்கரையும் ஒரு குடும்பத்தை நிவாரண வரிசைக்குத் தள்ளுகின்றன. காணியை விடுவிப்பது திறைசேரிக்குப் பெரிய செலவில்லாத வறுமை ஒழிப்பு.

எல்லோருக்கும் கொடுத்தால் பணக்காரருக்கும் போகுமே என்பது இன்னொரு வாதம். இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் எல்லோருக்கும் உரியவை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் வருமானச் சான்றிதழ் கேட்டுவிட்டு மருந்து கொடுப்பதில்லை. அவை இத்தனை நெருக்கடியிலும் தப்பி நிற்பதற்கு அதுவே ஒரு காரணம். எல்லோருடையதாக இருக்கும் திட்டத்தை வெட்டினால் எல்லோரும் கேட்பார்கள். ஏழைகளுக்கு மட்டுமான திட்டத்தை வெட்டினால் ஏழைகள் மட்டும் விறாந்தையில் நிற்பார்கள். பொருளாதார நீதிக்கான பெண்ணியக் கூட்டு உள்ளிட்ட தரப்புகள் 2022இலிருந்தே அனைவருக்குமான சமூகப் பாதுகாப்பை வலியுறுத்தி வருவது இந்த அனுபவத்திலிருந்துதான்.

அதை ஒரே நாளில் செய்யமுடியாது. படிப்படியாகச் செய்யலாம். பத்து இலட்சம் பேருக்கு மாதம் 5,000 ரூபா கொடுக்க வருடத்துக்கு ஆவது 60 பில்லியன், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 வீதம். வயது என்ற ஒரே தகுதியோடு முதியோருக்கும், வருமானச் சோதனை இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கும், பிறகு சிறுபிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் என்று போகலாம். பிறப்புச் சான்றிதழைப் பார்க்க 22 குறிகாட்டி தேவையில்லை. அதற்கான பணத்தை டீசலிலிருந்து எடுக்காமல் சொத்திலிருந்து எடுக்கவேண்டும். பெரிய முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த வரிச் சலுகைகளின் பட்டியலை வெளியிடவேண்டும் என்பது நாணய நிதியத் திட்டத்திலேயே உள்ள நிபந்தனை. அந்தப் பட்டியலை எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாசிக்கவேண்டும்.

நிவாரணம் வேறு, நீதி வேறு

இதில் ஒரு எச்சரிக்கையும் தேவை. 2019 வரவு செலவுத் திட்டத்தில் காணாமல் போனோரின் குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபா முன்மொழியப்பட்டது. 2022இல் அது ஒரு தடவைக் கொடுப்பனவாக 1 இலட்சம் என்றும், பிறகு 2 இலட்சம் என்றும் மாறியது. வீதியில் இருந்த தாய்மார் பலர் அதை ஏற்கவில்லை. பிள்ளைக்கு விலை பேசுகிறார்கள் என்றுதான் அவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள்.

அஸ்வெசும ஒரு குடிமகளுக்கு வறுமையின் பேரில் உரியது. இழப்பீடு, அவருக்கு இழைக்கப்பட்ட தீங்கின் பேரில் உரியது. 2018இல் சட்டம் இயற்றி இழப்பீட்டுக்கென்று தனி அலுவலகமே அமைத்தார்கள். உண்மையும் நீதியும் இவை இரண்டுக்கும் அப்பால் உரியவை. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை முடித்துவிட்டதாகக் கணக்குக் காட்ட இடமளிக்கக்கூடாது. அதேபோல நீதி கேட்கிறோம் என்பதற்காக, உரிய நிவாரணத்தைக் கேட்க வெட்கப்படவும் தேவையில்லை. எங்கள் அரசியல் பேச்சில் இந்த இரண்டாவது தவறு நிறைய நடக்கிறது. மேடையில் அரிசி விலை பேசுவதைக் குறைச்சலாக நினைக்கிறோம்.

வடக்கு கிழக்கிலிருந்து கொழும்புக்குப் போகும் உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் கேட்கக்கூடிய கேள்விகள் எளிமையானவை. சமூகச் செலவின எல்லை ஏன் கட்டாய நிபந்தனையாக இல்லை? அதை அப்படி மாற்றும்படி அரசாங்கம் எப்போதாவது கேட்டதா? ஒதுக்கிய பணத்தில் செலவழிக்காத மிச்சம் மாவட்ட வாரியாக எவ்வளவு? மேன்முறையீடு எத்தனை நாளில் முடிக்கப்படவேண்டும், முடியாவிட்டால் நிலுவையோடு பணம் வருமா? வீட்டுத்திட்ட வீடுகளைச் சொத்தாகக் கணக்கெடுப்பது நிறுத்தப்படுமா?

அன்று மத்தியானம் அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். கடதாசிகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்தார். "அடுத்த மாதம் வரட்டாம்" என்றார். பஸ்ஸுக்கு வர 120 ரூபா, போக 120 ரூபா. அன்றைய கூலியும் இல்லை. இந்தச் செலவு எந்த அட்டவணையிலும் வராது.